ஜாக் லண்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட நாட்களில் ஊர் நூலகத்தில் 'கானகத்தின் குரல்' என்ற புத்தகம் கையில் கிடைத்தது. அட்டை கிழிந்த பிரதி. அன்றிலிருந்து ஜாக் லண்டனை விடாமல் வாசித்து வருகிறேன், அகப்படுகிறவர்களிடமெல்லாம் வாசிக்கக் கொடுத்தும் வருகிறேன். வாசித்துவிட்டு வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதினால் உதவியாக இருக்கும் என்று தோன்றியது.

யார் இந்த ஜாக் லண்டன்?

1876 ஜனவரி 12 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர். 1916 நவம்பர் 22 அன்று, நாற்பதே வயதில், இறந்துவிட்டார். முதல் புத்தகம் 1900-ல் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய பதினாறு ஆண்டுகளில் நாவல், சிறுகதைத் தொகுப்பு, கட்டுரை, பயண நூல் எல்லாம் சேர்த்து ஐம்பதை ஒட்டிய புத்தகங்கள் எழுதினார். பனி, கடல், நாய், ஓநாய், பசி, கூலி வேலை ஆகியவைதான் அவருடைய உலகம். சாகச நாவலாசிரியர் என்று சொல்கிறோம், சரிதான். ஆனால் அவரை நான் முதலில் ஒரு தொழிலாளி என்றுதான் நினைக்கிறேன். அவருடைய சாகசக் கதைகள் அனைத்தும் உழைத்து அலுத்த ஓர் உடம்பிலிருந்து வந்தவை.

ஜாக் லண்டன் என்பது சொந்தப் பெயரா?

பிறந்தபோது வைத்த பெயர் ஜான் கிரிஃபித் சேனி. தாயார் ஃப்ளோரா வெல்மன். தந்தை என்று கருதப்படுபவர் வில்லியம் சேனி என்ற சோதிடர். கர்ப்பமாக இருந்த ஃப்ளோராவை அவர் கைவிட்டார். ஃப்ளோரா தற்கொலைக்கு முயன்றார், அது அந்நாளைய பத்திரிகையிலேயே செய்தியாக வந்தது. குழந்தை பிறந்த அதே ஆண்டில், உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ஜான் லண்டன் என்பவரை அவர் மணந்துகொண்டார். 'லண்டன்' அந்த வளர்ப்புத் தந்தையின் பெயர். இங்கிலாந்தின் லண்டன் நகரத்தோடு அதற்குத் தொடர்பு கிடையாது.

இருபத்தொரு வயதில், தன் பிறப்பின் விவரம் தெரிந்துகொண்ட ஜாக், சோதிடர் சேனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நான் உன் தகப்பன் அல்ல என்று பதில் வந்தது. அந்த வருடமே அவர் அலாஸ்கா பக்கம் கப்பலேறினார்.

அவரை வளர்த்தது யார்?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை, ஆனாலும் இதைச் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை. பிரசவத்துக்குப் பிறகு தாயாருக்கு உடல்நிலை சரியில்லாததால், குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தவர் வர்ஜீனியா பிரெண்டிஸ், ஜென்னி என்று அழைப்பார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். ஜாக்குக்கு அன்பு என்று கிடைத்தது பெரும்பாலும் அவரிடமிருந்துதான். பதினைந்து வயதுப் பையன் சொந்தமாகப் படகு வாங்க வேண்டும் என்று வந்து நின்றபோது 300 டாலர் கடன் கொடுத்தவரும் அவரே. ஒரு மணி நேரக் கூலி பத்து சென்ட் என்று இருந்த காலம் அது. 300 டாலர் என்றால் எத்தனை நாள் சேமிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதினைந்து வயதில் படகு எதற்கு?

சிப்பி திருடுவதற்கு.

வீட்டில் வறுமை. ஓக்லண்டில் டின்களில் உணவு அடைக்கும் ஆலை ஒன்றில் பையன் வேலை பார்த்தார். மணிக்குப் பத்து சென்ட் கூலி. சில நாட்கள் பதினெட்டு மணி நேரம் வரை நின்றுகொண்டே வேலை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் தனியார் குத்தகையில் இருந்த சிப்பிப் படுகைகளில் இரவில் புகுந்து அள்ளி, விடிவதற்குள் சந்தையில் விற்றால், ஆலையில் பல வாரம் உழைத்துக் கிடைக்கும் காசை ஒரே இரவில் பார்த்துவிடலாம். ஜென்னியின் பணத்தில் 'ராசில் டாசில்' என்ற சிறு பாய்மரப் படகை வாங்கினார். கொஞ்ச நாள் கழித்து அப்படியே எதிர்ப்பக்கம் போய், மீன் திருட்டைத் தடுக்கும் ரோந்துப் படையில் சேர்ந்துகொண்டார்.

1893-ல், பதினேழு வயதில், 'சோஃபியா சதர்லண்ட்' என்ற சீல் வேட்டைக் கப்பலில் மாலுமியாக ஜப்பான் பக்கம் போனார். திரும்பி வந்ததும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, ஜப்பான் கரையோரம் அனுபவித்த சூறாவளியைப் பற்றி எழுதி அனுப்பினார். முதல் பரிசு, 25 டாலர். இரண்டாம், மூன்றாம் பரிசுகளை வாங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அப்போது அவர் சணல் ஆலையில், அதே பத்து சென்ட் கூலிக்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் சிறைக்குப் போனது உண்மையா? என்ன குற்றம்?

உண்மைதான். சணல் ஆலைக்குப் பிறகு டிராம் கம்பெனியின் மின் நிலையத்தில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 30 டாலர். அடிமட்டத்திலிருந்து உழைத்து மேலே வரலாம் என்று ஆசை காட்டியிருந்தார்கள். அவருக்கு முன்னால் அந்த வேலையை இரண்டு பேர், ஆளுக்கு 40 டாலர் சம்பளத்தில், செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டி, ஒருவர் சம்பளத்தையும் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை உதறிவிட்டார்.

1893 நிதி நெருக்கடியில் அமெரிக்கா முழுக்க வேலையில்லாதவர்கள் திரண்டு நின்றார்கள். நீதி கேட்டு வாஷிங்டனை நோக்கிக் கிளம்பிய ஒரு கூட்டத்தோடு 1894-ல் இவரும் சேர்ந்துகொண்டு, சரக்கு ரயில்களில் ஒளிந்து பயணம் செய்தார். பாதியில் அவர்களைவிட்டுப் பிரிந்து, தனியாக நயாகரா அருவி பார்க்கப் போன இடத்தில் போலீஸ் பிடித்தது. குற்றம், கையில் காசும் தங்க இடமும் இல்லாமல் திரிந்தது. வாதாட வாய்ப்பே தராமல் நீதிபதி 30 நாள் தண்டனை விதித்தார்.

அங்கே பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கும்வரை விற்று, தெம்பு போனதும் குப்பையில் விழுகிறவர்களின் வரிசையில்தான் தானும் நிற்கிறோம் என்று புரிந்தது. இனிமேல் மூளையை விற்றுப் பிழைப்பது என்று முடிவெடுத்துத் திரும்பி வந்து, பத்தொன்பது வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உயர்நிலைப் பள்ளியில் உட்கார்ந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1896-ல் சேர்ந்தார். காசில்லாமல் அடுத்த ஆண்டே நின்றுவிட்டார். ஆகவே பட்டம் இல்லை.

அப்படியானால் இவ்வளவு வாசிப்பு எங்கிருந்து வந்தது?

ஓக்லண்ட் பொது நூலகத்திலிருந்து. பத்து வயதில் அங்கே போய்ப் பெரு நாட்டை ஸ்பானியர்கள் கைப்பற்றிய கதையை எடுத்தபோது, நூலகர் ஐனா கூல்பிரித் அந்தத் தேர்வைப் பாராட்டினார். தன் வாசிப்பை யாராவது பாராட்டுவது அந்தப் பையனுக்கு அதுவே முதல் தடவை. அதற்கப்புறம் அவர் எடுத்துக் கொடுத்த புத்தகங்களையெல்லாம் வாசித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, உலகப் புகழ் வந்த பிறகு, அதை நினைவுகூர்ந்து கூல்பிரித்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். கூல்பிரித் ஒரு கவிஞர். 1915-ல் கலிபோர்னியா அவரைத் தன் முதல் அரசவைக் கவிஞராக அறிவித்தது.

கிளை நூலகத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சம்பவத்தின் அருமை தெரியும்.

தங்கம் தேடிப் போனாரே, கிடைத்ததா?

நாலரை டாலர் மதிப்புள்ள தங்கத் துகள் கிடைத்தது.

கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றோரம் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி 1897 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவை எட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்கிறார்கள், டாசன் ஊர்வரை போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஜாக்கின் அக்கா முறையான எலைசா, தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார். எலைசாவின் கணவர் ஷெப்பர்டும் ஜாக்கும் ஜூலை 25 அன்று கப்பலேறினார்கள்.

கரையில் இறங்கியதும் சில்கூட் கணவாய். அங்கே வண்டிப் பாதை கிடையாது. ஓராண்டுக்கான சாப்பாடு, கூடாரம், கருவிகள் என்று ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் சாமான். அதை மூட்டைகளாகப் பிரித்து, ஒரு மூட்டையை முன்னே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, அடுத்ததைத் தூக்க வேண்டும். ஒரு மைல் முன்னேற இருபது, முப்பது மைல் நடை ஆகிவிடும். வயதான ஷெப்பர்டுக்கு மூட்டுவலி, சில நாட்களிலேயே திரும்பிவிட்டார். ஜாக் ஏறினார். பிறகு ஏரிக்கரையில் மரம் வெட்டிப் படகு கட்டி, ஆபத்தான நீர்ச்சுழிப்புகளைக் கடந்து, குளிர்காலம் நெருங்கும்போது ஸ்டூவர்ட் ஆற்று முகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு மரக்குடிலில் அந்தக் குளிர்காலம் கழிந்தது. வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். உள்ளே அடுப்பைச் சுற்றி மாலுமிகள், வேட்டைக்காரர்கள், குடியர்கள், பேச்சாளர்கள். ஆளாளுக்குச் சொன்ன கதைகளை இருபத்தொரு வயது இளைஞன் கேட்டுக்கொண்டே இருந்தான். காய்கறி, பழம் இல்லாத சாப்பாட்டால் ஸ்கர்வி நோய் வந்து, ஈறு வீங்கி, பற்கள் ஆடத் தொடங்கின. 1898 ஜூனில் திறந்த படகில் யூகான் ஆற்றோடு 1,500 மைலுக்கு மேல் மிதந்து கடலை அடைந்து, ஒரு கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்துக்கொண்டே வீடு வந்தார். வந்து பார்த்தால் வளர்ப்புத் தந்தை இறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அவர் இருந்ததாகச் சொல்லப்படும் குடில் 1960-களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மரங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு குடில்கள் கட்டினார்கள். ஒன்று கனடாவில் டாசன் நகரில், மற்றது ஓக்லண்டில் இருக்கிறது.

எழுத்தாளராக எப்போது அங்கீகாரம் கிடைத்தது?

உடனே கிடைக்கவில்லை. அனுப்பிய கதைகள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. சைக்கிளையும் கோட்டையும் அடகு வைத்துத் தபால்தலை வாங்கிய நாட்கள் அவை. கடைசியில் 'ஓவர்லேண்ட் மன்த்லி' ஒரு கதையை ஏற்றது, ஆனால் ஐந்து டாலர்தான் சன்மானம். மனம் வெறுத்து மறுபடி கூலி வேலைக்கே போய்விடலாம் என்று நினைத்திருந்தபோது, 'பிளாக் கேட்' என்ற இதழ் வேறொரு கதைக்கு 40 டாலர் தருவதாக எழுதியது. அதுதான் தன்னைக் காப்பாற்றியது என்று பின்னால் சொன்னார். 1900 ஜனவரியில் 'அட்லாண்டிக் மன்த்லி' அவருடைய நீண்ட கதை ஒன்றை வெளியிட்டது. அந்த வருடமே முதல் தொகுப்பு வந்தது.

அந்தப் பட்டினி நாட்களைத்தான் 1909-ல் 'மார்ட்டின் ஈடன்' நாவலாக எழுதினார். எழுத்தாளனாக ஆசைப்படும் ஒரு மாலுமியின் கதை. புகழ் வருவதற்கு முன்னால் சீந்தாத அதே ஆட்கள், அதே கதைகளுக்காக, பிறகு வரிசையில் வந்து விருந்துக்கு அழைக்கிறார்கள். பசித்தபோது யாரும் ஒரு வாய்ச் சோறு போடவில்லையே, நான் அன்றும் இதே ஆள்தானே என்று மார்ட்டின் மனம் கசக்கும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடிந்ததில்லை. எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் இது.

'கானகத்தின் குரல்' நாயகன் பக், நிஜமாகவே இருந்த நாயா?

ஆமாம். டாசனில் பாண்ட் என்ற சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களிடம் செயின்ட் பெர்னார்டும் ஸ்காட்ச் காலியும் கலந்த ஒரு பெரிய நாய் இருந்தது. அதன் பெயரும் ஜாக்தான் என்கிறார்கள். அவர்கள் குடிலுக்குப் பக்கத்தில் லண்டன் கொஞ்ச நாள் கூடாரம் போட்டிருந்தார். பக் என்பது உங்கள் நாய்தான் என்று பின்னாளில் அவர்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதி உறுதி செய்தார். கதையின் தொடக்கத்தில் வரும் நீதிபதி மில்லரின் வீடுகூட, பாண்ட் சகோதரர்களின் தந்தைக்கு சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் இருந்த வீட்டைப் பார்த்து எழுதியதே.

கதையை வாசிக்காதவர்களுக்கு: கலிபோர்னியாவில் சொகுசாக வாழ்ந்த ஒரு வீட்டு நாயைத் தோட்டக்கார உதவியாள் திருடி விற்றுவிடுகிறான். வடக்கே பனிவண்டி இழுக்கும் நாயாக அது அடிபட்டு, கற்று, கடைசியில் ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

1902 டிசம்பரில், நான்காயிரம் சொற்களில் ஒரு சிறுகதையாக முடிக்கலாம் என்று எழுத ஆரம்பித்தார். கதை அவர் பிடியில் நிற்காமல் ஓடி, முப்பதாயிரம் சொற்களைத் தாண்டியது. 1903 கோடையில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் தொடராக வந்தது, சன்மானம் 750 டாலர். மேக்மில்லன் பதிப்பகம் 2,000 டாலருக்குப் புத்தக உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பின் பத்தாயிரம் பிரதிகளும் வந்த வேகத்தில் தீர்ந்தன. அதற்குப் பிறகு எத்தனை லட்சம் விற்றும் அந்தப் புத்தகத்துக்கு ராயல்டி என்று அவருக்கு எதுவும் வரவில்லை. இதற்காக அவர் பதிப்பாளரைக் குறை சொல்லவில்லை. கையில் காசு இல்லாதவன் நிற்கும் இடத்தில் நின்று முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

'ஒயிட் ஃபேங்' அதன் இரண்டாம் பாகமா?

இல்லை, எதிர்த்திசையில் போகும் தனி நாவல். 1906-ல் வந்தது. அங்கே வீட்டு நாய் காட்டுக்குப் போனது, இங்கே காட்டில் பிறந்த ஓநாய்க்குட்டி மனிதர்களிடம் வந்து சேர்கிறது. எதை முதலில் வாசித்தாலும் குழப்பம் வராது.

இந்த நாவலில் வரும் மிருகச் சண்டைகள் இயற்கைக்கு ஒவ்வாதவை என்று 1907-ல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே ஒரு பேட்டியில் குற்றம் சாட்டினார். மிருகங்களை மனிதர்கள்போலச் சித்திரிக்கும் எழுத்தாளர்களின் பட்டியலில் லண்டனையும் சேர்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ஒரு கட்டுரையில் பதில் கொடுத்தார். நாய்கள் பகுத்தறிந்து யோசிப்பதாகத் தான் எழுதவில்லை, ஆனால் மிருகங்களுக்கு யோசனையே கிடையாது என்று சொல்வது மனிதனின் அகந்தை என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டையும் வாசித்துப் பார்த்தால், நாயோடு வாழ்ந்தவர்கள் லண்டன் பக்கம்தான் நிற்பார்கள்.

அவருடைய ஒரே ஒரு கதையை வாசிக்க நேரம் இருக்கிறது. எதை வாசிக்கலாம்?

'டு பில்ட் எ ஃபயர்', அதாவது தீ மூட்டுவது. அரைமணி நேரத்தில் வாசித்துவிடலாம்.

யூகானில் ஒருவன் தன் நாயோடு தனியாக நடந்து போகிறான். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 75 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 59 செல்சியஸ். துப்பினால் எச்சில் தரையைத் தொடும் முன்பே உறைந்து வெடிக்கிறது. இந்தக் குளிரில் தனியாகப் போகாதே என்று ஒரு பெரியவர் சொன்னதை அவன் கேட்கவில்லை. பனிக்கு அடியில் ஓடும் நீரில் கால் நனைந்துவிடுகிறது. உடனே தீ மூட்டிக் காய்ச்சாவிட்டால் கால் போய்விடும். மூட்டுகிறான், ஆனால் பனி கனத்துக் கிடக்கும் மரத்துக்கு அடியில் மூட்டிவிடுகிறான். சுள்ளி ஒடிக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் மரம் லேசாக ஆடுகிறது. பிறகு மேலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து தீயை மூடுகிறது. அதற்கப்புறம் விரல்கள் மரத்துப்போய், தீக்குச்சிகளை உள்ளங்கைகளுக்கு நடுவில் கொத்தாகப் பிடித்து உரசி, தன் சதை கருகும் வாசனையை அவனே முகரும் இடம் வருகிறது. சித்திரை வெயிலில் வாசித்தாலும் கை சில்லிட்டுப் போகும்.

அந்த மனிதனுக்கு லண்டன் பெயர் வைக்கவில்லை. 1902-ல் சிறுவர் இதழ் ஒன்றுக்காக இதே கதையை முதலில் எழுதியபோது நாயகனுக்குப் பெயர் இருந்தது, அவன் பிழைத்தும்விடுவான். 1908-ல் மறுபடி எழுதியபோது பெயரை எடுத்துவிட்டார், நாயைச் சேர்த்தார், முடிவை மாற்றினார். ஒரே கதையை ஒரே ஆள் எப்படி உயர்த்த முடியும் என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சிறுகதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

அவ்வளவு எப்படி எழுதினார்?

நாள் தவறாமல், காலையில், ஆயிரம் சொற்கள். கப்பலில் இருந்தாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும் அதுதான் கணக்கு. உந்துதல் வரட்டும் என்று காத்திருப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆலையில் சங்கு ஊதினால் வேலைக்குப் போன பழக்கத்தை எழுத்து மேசைக்கும் கொண்டுவந்தார். இதனால் சுமாரான புத்தகங்களும் நிறைய வந்தன, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பண்ணைச் செலவுக்காக எழுதியவை என்று வாசிக்கும்போதே தெரியும் கதைகள் உண்டு. ஒரு கட்டத்தில் கதைக்கருக்களையே விலைக்கு வாங்கினார். அப்படி விற்ற இளைஞர் சின்கிளேர் லூயிஸ், பிற்பாடு 1930-ல் இலக்கிய நோபல் பரிசு வாங்கியவர்.

சோஷலிஸ்ட் என்கிறார்கள், ஆனால் பெரிய பண்ணை வைத்திருந்தாராமே?

இரண்டும் உண்மை. இருபது வயதிலேயே சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். ஓக்லண்ட் மேயர் தேர்தலில் 1901-லும் 1905-லும் நின்று தோற்றார். 1902-ல் இங்கிலாந்து போய், கிழக்கு லண்டனின் சேரிகளில் கந்தல் உடுத்தி ஏழைகளோடு ஏழையாகத் தங்கி, 'தி பீப்பிள் ஆஃப் தி அபிஸ்' என்ற நூலை எழுதினார். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் அதே வழியில் ஏழைகளோடு வாழ்ந்து எழுதியதற்கு இந்த நூலும் ஒரு தூண்டுதல். 1908-ல் வந்த 'தி அயர்ன் ஹீல்', பணக்காரர்களின் சர்வாதிகாரம் அமெரிக்காவைக் கைப்பற்றுவதாகக் கற்பனை செய்த நாவல்.

அதே ஆள், சோனோமா மாவட்டத்தின் கிளென் எல்லனில் 1,400 ஏக்கர் வரை நிலம் வாங்கிச் சேர்த்தார். அதைப் பணக்காரத்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை. முந்தைய உடைமையாளர்கள் உழுது சாரமிழக்கச் செய்த மண்ணை மீட்பதில் உண்மையான ஈடுபாடு காட்டினார். போர்ச் செய்தியாளராக 1904-ல் கொரியா போனபோது பார்த்த படிக்கட்டு வயல்களை இங்கே அமைத்தார், சாணத்தையும் பசுந்தாள் உரத்தையும் பயன்படுத்தினார். ஆனாலும் முரண் இருக்கத்தான் செய்கிறது. அதை அவரும் தீர்த்துக்கொள்ளவில்லை. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கட்சிக்குப் போராட்ட வேகம் போய்விட்டது என்று எழுதிவிட்டு விலகினார்.

இனவெறி அவரிடம் இருந்ததா?

இருந்தது, மழுப்ப வேண்டியதில்லை. வெள்ளையினமே உயர்ந்தது என்ற அக்காலக் கருத்து அவருடைய கடிதங்களிலும் கட்டுரைகளிலும் பல கதைகளிலும் வெளிப்படையாக இருக்கிறது. 1908-ல் சிட்னியில் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றபோது, அவரைத் தோற்கடிக்க ஓய்வுபெற்ற வெள்ளை வீரர் ஜெஃப்ரீஸ் திரும்பி வர வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். 1910-ல் அந்தச் சண்டை நடந்து ஜெஃப்ரீஸ் தோற்றார், ஜான்சனின் திறமையை லண்டன் ஒப்புக்கொண்டு எழுதினார். அதே ஆண்டில் சீனர்களைக் கிருமிகளால் அழிப்பதாக ஒரு கதையும் வெளியிட்டார். வாசிக்கவே கூசும்.

இன்னொரு பக்கம், தன்னைப் பிடித்துக் கொண்டுபோக வரும் வெள்ளையர்களைத் தனியாளாக எதிர்க்கும் ஹவாய்த் தொழுநோயாளி கூலாவின் கதையையும், புரட்சிக்காகக் குத்துச்சண்டை போட்டுப் பணம் சேர்க்கும் மெக்சிகோ இளைஞனின் கதையையும் எழுதியவரும் இவரே. இரண்டிலும் அவர் மனம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமே வராது. கதை எழுதும்போது, தான் நம்பியதைவிடப் பெரிய மனிதராகச் சில நேரம் ஆகியிருக்கிறார். ஜென்னியின் மடியில் வளர்ந்த பிள்ளை அந்தக் கருத்துகளை உதறாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

உலகம் சுற்றக் கப்பல் கட்டிய கதை என்ன?

'ஸ்னார்க்' என்பது படகின் பெயர். 7,000 டாலரில் முடியும் என்று போட்ட திட்டம் 30,000 டாலரை எட்டியது. 1907 ஏப்ரலில் இரண்டாவது மனைவி சார்மியனோடு கிளம்பினார். ஏழு ஆண்டு சுற்றுவதாக எண்ணம். ஹவாய், தஹிதி, ஃபிஜி, சாலமன் தீவுகள் வரை போய், வெப்பமண்டல நோய்களால் உடம்பு சீர்குலைந்து, சிட்னியில் மருத்துவமனையில் சேர்ந்து, பயணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. ஹவாயில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை, அந்த விளையாட்டை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கியதில் பங்கு வகித்தது.

தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே?

அது பரவலாக நிலைத்துவிட்ட கருத்து. 1938-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறும், நாயகன் தற்கொலை செய்துகொள்வதாக முடியும் 'மார்ட்டின் ஈடன்' நாவலும் அதற்கு முக்கியக் காரணங்கள். மரணச் சான்றிதழில் இருப்பது சிறுநீரகச் செயலிழப்பால் இரத்தத்தில் நஞ்சு சேர்ந்தது என்பது. பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய், தாங்க முடியாத வலி, அதற்கு மார்ஃபின். மருந்தின் அளவு கூடியிருக்கலாம், ஆனால் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தற்கொலைக் கதையை ஏற்பதில்லை.

குடிப்பழக்கத்தைப் பற்றி அவரே 'ஜான் பார்லிகார்ன்' என்ற நூலை 1913-ல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வருடம்தான் அவர் கனவாகக் கட்டிய 'வுல்ஃப் ஹவுஸ்', குடிபுகச் சில நாட்களே இருக்கும்போது, ஆகஸ்ட் 22 இரவில் எரிந்துபோனது. யாரோ தீ வைத்தார்கள் என்று நீண்ட காலம் பேசினார்கள். 1995-ல் ஆராய்ந்த நிபுணர் குழு, மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தானாகவே பற்றியிருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. கற்சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. அந்தப் பண்ணை இன்று மாநில வரலாற்றுப் பூங்கா. அவருடைய சாம்பலும் அங்கேயே, ஒரு பெரிய எரிமலைப் பாறைக்கு அடியில் இருக்கிறது.

தமிழில் கிடைக்குமா?

'கானகத்தின் குரல்' கிடைக்கும். மொழிபெயர்த்தவர் பெ. தூரன். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இருந்தவர், நமக்குக் கீர்த்தனைகள் மூலமும் தெரிந்தவர். இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு அநேகமாக எல்லா நூல்களும் பதிப்புரிமை தீர்ந்து இலவசமாக இருக்கின்றன.

சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா?

பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். நாய்க் கதைதானே என்று நினைத்து 'கானகத்தின் குரலை' எடுத்தால், சிவப்புச் சட்டைக்காரன் தடியால் பக்கை அடித்து நொறுக்கும் இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அடுத்து கர்லி என்ற சாதுவான நாய், நட்பாகப் பக்கத்தில் போனதற்காக மற்ற நாய்களால் கடித்துக் கொல்லப்படும். என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயதில் வாசித்துக் காட்டி, கர்லி இறந்த பக்கத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. "அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே சித்தப்பா" என்று அழுதாள். இரண்டு வருடம் கழித்து அவளே புத்தகத்தைத் தேடி எடுத்து, விட்ட பக்கத்திலிருந்து வாசித்து முடித்தாள்.